ஆங்கிலத்தில் அணிகளை அறிந்துகொள்வோம்



ஓர் ஆங்கில வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். "ஹி இஸ் புல்லிங் யுவர் லெக்." இந்த வாக்கியத்தில் உள்ள சொற்கள் யாவும் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்தவைதாம். 'புல்' என்றால் இழு. 'லெக்' என்றால் கால். ஆகவே, "அவன் உன் காலை இழுக்கிறான்" என்று பிள்ளை பொருள் சொல்லும். நம் பேச்சில் காலை வாருவது என்றால் நம்பவைத்துக் கெடுப்பது. அந்தப் பொருளை இங்கே ஏற்றினால் நண்பனும் பகைவனாகிவிடுவான். ஆனால் ஆங்கிலம் பேசுகிறவர் கருதுவது வேறு. "அவன் விளையாட்டுக்கு ஏதோ சொல்லி உன்னைச் சீண்டுகிறான், நீ அதை மெய்யென்று நம்பிவிடாதே" என்பதே அதன் பொருள்.

சொற்கள் அனைத்தும் தெரிந்திருந்தும் பொருள் தெரியாமல் போவது ஏன்? சொல் தன் நேர்ப்பொருளை விட்டு வேறு பொருளுக்குத் தாவிவிட்டது. இப்படிச் சொல் தாவிப் பொருள் தருவதை ஆங்கிலத்தில் 'ஃபிகர் ஆஃப் ஸ்பீச்' என்பார்கள். தமிழில் நாம் அணி என்றும், ஆகுபெயர் என்றும், மரபுத்தொடர் என்றும் தனித்தனியே பெயரிட்டு வைத்திருப்பவற்றை எல்லாம் அந்த ஒரு பெயர் தழுவி நிற்கும்.

இது படித்தவர்களின் பொழுதுபோக்கு என்று யாரும் எண்ண வேண்டாம். எழுத்தே அறியாத பாட்டியும் நாள்தோறும் அணிகளோடுதான் பேசுகிறார். "பேய் மழை பெய்கிறது" என்கிறார். "அவன் கை கொஞ்சம் நீளம், மங்கையும் கத்தியையும் பத்திரமாக வை" என்கிறார். பேய் மழை பெய்யவில்லை. கையை அளந்தால் நீளமும் இருக்காது. ஆயினும் கேட்கிற குழந்தைக்குப் பொருள் விளங்கிவிடுகிறது. நமக்குத் தமிழில் இயல்பாக இருக்கும் இந்த அறிவை ஆங்கிலத்திற்கும் எடுத்துச் செல்வது எப்படி என்பதே இன்றைய பேச்சு.

முதலில் ஓர் எளிய சோதனை. ஒரு வாக்கியத்தைப் படித்ததும், "இது சொன்னபடியே நடக்கக்கூடியதா?" என்று கேட்டுப் பாருங்கள். நடக்க முடியாததாகவோ, அந்த இடத்திற்குப் பொருந்தாததாகவோ இருந்தால் அங்கே ஓர் அணி மறைந்திருக்கிறது என்று கொள்ளலாம். "இட் இஸ் ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்" என்றால் பூனையும் நாயும் மழையாகப் பெய்கின்றன என்று ஆகிறது. நடக்கக்கூடியதா? இல்லை. ஆகவே இது அணி. பாட்டி சொல்லும் பேய் மழைதான் அது.

இனி, அடிக்கடி வரும் அணிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது உவமை. ஆங்கிலத்தில் 'சிமிலி' என்பார்கள். ஒப்பு என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. தமிழில் 'போல' என்னும் சொல் உவமையைக் காட்டிக்கொடுப்பது போல, ஆங்கிலத்தில் 'லைக்', 'ஏஸ்' என்னும் இரண்டு சொற்கள் காட்டிக்கொடுக்கும். "ஏஸ் ஸ்லோ ஏஸ் எ ஸ்னெய்ல்" என்றால் நத்தை போல மெதுவாக. "ஹி சுவிம்ஸ் லைக் எ ஃபிஷ்" என்றால் மீனைப் போல நீந்துகிறான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'லைக்', 'ஏஸ்' வரும் இடமெல்லாம் உவமை அல்ல. "ஐ லைக் டீ" என்றால் எனக்குத் தேநீர் பிடிக்கும்; அவ்வளவுதான். "ஹி ஒர்க்ஸ் ஏஸ் எ கிளார்க்" என்றால் அவர் கிராணியாகவே வேலை செய்கிறார். "ஹி ஒர்க்ஸ் லைக் எ ஸ்லேவ்" என்றால் அவர் அடிமை அல்லர். அடிமையைப் போல உழைக்கிறார். முன்னது மெய், பின்னது உவமை. தேர்வு எழுதும் பிள்ளைகள் தடுமாறும் இடம் இது.

உவமையைக் கண்டதும், "எந்த வகையில் ஒப்பு?" என்று கேட்க வேண்டும். இதற்குத் தொல்காப்பியமே வழி காட்டுகிறது. அந்நூலின் உவமவியல், ஒப்புமையை வினை, பயன், மெய், உரு என்று நான்காகப் பிரிக்கிறது. வினை என்பது செயல். பயன் என்பது விளையும் நன்மை. மெய் என்பது வடிவம். உரு என்பது நிறம். மீனைப் போல நீந்துகிறான் என்பது வினை. பந்து போல் உருண்டை என்பது மெய். "ஏஸ் வைட் ஏஸ் ஸ்னோ" என்பது உரு. வாரி வழங்கும் கையை மழை என்று நாம் சொல்வது பயன். ஆங்கிலப் பாடநூலில் எந்த உவமை வந்தாலும் இந்த நான்கில் எது என்று பிள்ளையைக் கேளுங்கள். பெரும்பாலான உவமைகளுக்கு விடை கிடைத்துவிடும்.

ஓர் உவமை அது பிறந்த மண்ணையும் காட்டும். வெண்மைக்கு ஆங்கிலேயர் பனியைச் சொல்கிறார். பனி பெய்யாத நாட்டில் வாழும் நாம் பாலைச் சொல்கிறோம். குளிர் நாட்டவருக்குச் சூடு இதமானது. ஆகவே அன்பான வரவேற்பை "வார்ம் வெல்கம்", வெதுவெதுப்பான வரவேற்பு என்பார்கள். இரக்கமற்றவனை "கோல்ட் ஹார்ட்டட்", குளிர்ந்த நெஞ்சன் என்பார்கள். நமக்கோ இது தலைகீழ். வெயிலில் வாழும் நமக்குக் குளிர்ச்சியே இன்பம். "மனம் குளிர்ந்தது" என்கிறோம். "பெற்ற வயிறு குளிர்ந்தது" என்கிறோம். ஆங்கிலத்தில் யாராவது 'கோல்ட்' என்று ஒருவரைச் சொன்னால், மனம் குளிர்ந்த மனிதர் என்று கொண்டுவிடாதீர்கள்.

இரண்டாவது உருவகம். 'மெட்டஃபர்' என்பது ஆங்கிலப் பெயர். ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்திற்குச் சுமந்து செல்லுதல் என்பது அச்சொல்லின் கிரேக்க மூலப் பொருள். இதில் 'போல' இல்லை. "அவர் சிங்கம் போன்றவர்" என்றால் உவமை. "அவர் ஒரு சிங்கம்" என்றால் உருவகம். "டைம் இஸ் மணி" என்பதும் அப்படித்தான். காலம் பணமே என்கிறார்கள். அதனால்தான் ஆங்கிலத்தில் காலத்தைச் செலவிடலாம், சேமிக்கலாம், வீணாக்கலாம். தமிழிலும் 'நேரத்தைச் செலவழித்தேன்' என்று சொல்லுகிறோம் அல்லவா?

நாளடைவில் தேய்ந்துபோய், அணி என்றே தெரியாமல் நம் வாயில் புழங்கும் உருவகங்கள் பல. மேசைக்குக் கால், புட்டிக்குக் கழுத்து என்று இரு மொழிகளும் சொல்கின்றன. வங்கியின் பிரிவை ஆங்கிலத்தில் 'பிராஞ்ச்' என்பார்கள். நாமும் கிளை என்கிறோம். மரத்தில் முளைத்த சொல் வங்கிக்கு வந்துவிட்டது. ஆனால் எல்லா இடத்திலும் இரு மொழிகளும் ஒத்துப்போவதில்லை. ஊசியில் நூல் கோக்கும் துளையை நாம் ஊசிக்காது என்கிறோம். ஆங்கிலேயருக்கு அது ஊசியின் கண். கடிகாரத்தில் நமக்கு இருப்பது முள். அவர்களுக்கு அது கை. ஆகவே சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ஊசி குருடாகும், கடிகாரம் கை நீட்டும்.

மலாய் மொழியிலும் இவை உண்டு. சூரியனை 'மாத்தா ஹாரி', அதாவது பகலின் கண் என்று மலாய்க்காரர் அழைக்கிறார்கள். பிடிவாதக்காரனை 'கெப்பாலா பத்து', கல்மண்டை என்கிறார்கள். திருட்டுக் குணம் உள்ளவனை 'பஞ்சாங் தாங்ஙான்', நீளக் கையன் என்கிறார்கள். மேலே பாட்டி சொன்ன சொல்லே மலாயிலும் இருக்கிறது! நம் பிள்ளைகள் மூன்று மொழிகளுக்கு நடுவே வளர்கிறார்கள். ஒன்றில் கண்டதை இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்கு உண்டு. இதைச் சுமை என்று எண்ணாமல் செல்வமாகக் கொள்ள வேண்டும்.

மூன்றாவது, ஒன்றின் பெயர் அதனோடு தொடர்புடைய மற்றொன்றுக்கு ஆகிவருவது. தமிழ் இலக்கணம் இதனை ஆகுபெயர் என்கிறது. "தலைக்குப் பத்து ரிங்கிட்" என்றால் தலையை மட்டும் எண்ணவில்லை, ஆளை எண்ணுகிறோம். உறுப்பின் பெயர் முழு ஆளுக்கும் ஆனதால் அது சினையாகுபெயர். ஆங்கிலத்தில் 'ஹேண்ட்', அதாவது கை என்ற சொல் தொழிலாளியைக் குறிக்கும். "தி ஃபேக்டரி நீட்ஸ் மோர் ஹேண்ட்ஸ்" என்றால் தொழிற்சாலைக்கு இன்னும் ஆள் தேவை. மலாயில் பணியாளரை 'காக்கி தாங்ஙான்', காலும் கையும் என்கிறார்கள். உழைப்பவரை உழைக்கும் உறுப்பால் அழைப்பதில் இரு மொழிகளும் ஒன்றுபடுகின்றன. இடத்தின் பெயரும் இவ்வாறு வரும். "புத்ராஜெயா அறிவித்தது" என்று செய்தித்தாளில் கண்டால், அறிவித்தது ஊர் அன்று. அங்கே அமைந்துள்ள அரசாங்கம்.

நான்காவது, கூட்டிச் சொல்வதும் குறைத்துச் சொல்வதும். கூட்டிச் சொல்வதை நாம் உயர்வு நவிற்சி என்கிறோம்; ஆங்கிலத்தில் 'ஹைப்பர்போலி'. "ஆயிரம் தடவை சொல்லிவிட்டேன்" என்று தாய் மகனைக் கடிந்துகொள்வது இதுவே. வெளியூரிலிருந்து வரும் கடிதத்தில் "ஐ ஆம் டையிங் டு சீ யூ" என்று எழுதியிருந்தால் பதறிப்போக வேண்டாம். எழுதியவர் சாகக் கிடக்கவில்லை. உங்களைப் பார்க்க மிகவும் ஆசையாக இருக்கிறது என்கிறார்.

குறைத்துச் சொல்வதில்தான் மேலும் கவனம் வேண்டும். ஆங்கிலேயரின் பண்பாட்டில் கடுமையான செய்தியையும் மெல்லச் சொல்வது மரியாதை. "நாட் பேட்", மோசமில்லை என்றால் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது என்று பொருள். மாறாக, பள்ளி அறிக்கையிலோ வேலையிட மடலிலோ "லெஸ் தேன் சாட்டிஸ்ஃபேக்டரி" என்று வந்தால், 'திருப்திக்குச் சற்றுக் குறைவு' என்று எண்ணி விட்டுவிடக்கூடாது. அது எச்சரிக்கை. திருப்தியே இல்லை என்பதன் மெல்லிய வடிவம் அது.

ஐந்தாவது, மரபுத்தொடர். ஆங்கிலத்தில் 'இடியம்'. இதன் பொருளைச் சொற்களைக் கூட்டிப் பார்த்து அறிய முடியாது; தொடரை முழுதாகவே கற்க வேண்டும். "கோல்ட் ஃபீட்" என்றால் குளிர்ந்த பாதம் என்று சொல்லுக்குச் சொல் பொருள். ஒரு காரியத்தில் இறங்கும் நேரத்தில் பயந்து பின்வாங்குவதையே அது குறிக்கும். நமக்குப் பயம் வந்தால் வயிற்றில் புளி கரைகிறது. அவர்களுக்குப் பாதம் குளிர்கிறது. "இன் ஹாட் வாட்டர்" என்றால் சிக்கலில் மாட்டியிருக்கிறான். சில தொடர்கள் தமிழோடு அப்படியே ஒத்துப்போகும். நாம் கைகழுவி விட்டான் என்பதை அவர்களும் கைகழுவியதாகவே சொல்வார்கள். ஒத்திருப்பது போலத் தோன்றி வேறுபடுபவையும் உண்டு. நாம் முதலில் பார்த்த காலை இழுப்பது அந்த வகை.

பால்மரம் வெட்டி வாழ்ந்த நமக்கு ஒரு தொடரைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. "ரப்பர் ஸ்டாம்ப்" என்பது அலுவலக முத்திரை. ஆனால் ஒரு மனிதரையோ குழுவையோ அப்படிச் சொன்னால், மேலிடத்தில் எது சொன்னாலும் யோசிக்காமல் தலையாட்டி ஒப்புதல் தருகிறவர் என்று பொருள். அப்படிப்பட்டவரை நாம் தலையாட்டிப் பொம்மை என்கிறோம்.

கடைசியாக, நம் குடும்பங்களுக்கு மிகவும் வேண்டிய ஒன்று. கசப்பான செய்தியை இனிய சொல்லால் மூடிச் சொல்வது. ஆங்கிலத்தில் 'யூஃபெமிசம்' என்பார்கள். நல்ல பேச்சு என்பது அதன் கிரேக்க மூலப் பொருள். நன்னூல் இத்தகைய வழக்கை மங்கலம் என்றும் இடக்கரடக்கல் என்றும் வகுக்கிறது. ஒருவர் இறந்தார் என்று சொல்லாமல் காலமானார் என்கிறோம்; இறைவனடி சேர்ந்தார் என்கிறோம். ஆங்கிலத்தில் "பாஸ்ட் அவே", கடந்து போனார் என்பார்கள். மருத்துவமனையில் "எக்ஸ்பயர்ட்" என்ற சொல்லும் வழங்கும். மூச்சை வெளியே விடுதல் என்பது அதன் மூலப் பொருள். வாகன உரிமம் காலாவதியானாலும் அதே சொல்தான். இடத்தைப் பார்த்தே பொருள் கொள்ள வேண்டும்.

துக்கச் செய்தியில் இச்சொற்கள் ஆறுதல் தரும். வேலையிடக் கடிதத்தில் இவை மயக்கமும் தரலாம். "வி ஹேவ் டு லெட் யூ கோ" என்று ஒரு கடிதத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் ஆங்கிலம் படிக்கும் மகனோ மகளோ, "உங்களைப் போக விடுகிறார்களாம் அப்பா" என்று சொல்லலாம். விடுமுறை கொடுத்தார்களோ என்று தோன்றும். உண்மைப் பொருள், உங்களை வேலையிலிருந்து நிறுத்துகிறோம் என்பதே. "ரிட்ரெஞ்ச்மெண்ட்" என்றால் ஆட்குறைப்பு. வெட்டிக் குறைத்தல் என்பது அதன் மூலம். "ஸ்டெப் டவுன்" என்றால் படியிறங்குதல் என்று நேர்ப்பொருள். பதவியிலிருந்து தாமாக விலகுதல் என்பது வழங்கு பொருள்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் கீழ் 1980ஆம் ஆண்டில் விதிமுறைகள் வகுக்கப்பட்டன. மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத தொழிலாளி ஒருவர் ஆட்குறைப்புக்கு உள்ளானால், குறைந்தது 12 மாதம் தொடர்ந்து வேலை செய்திருக்கும் பட்சத்தில் அவருக்கு இழப்பீடு உண்டு. 2 ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். 2 முதல் 5 ஆண்டுக்குள் என்றால் ஆண்டுக்கு 15 நாள். 5 ஆண்டும் அதற்கு மேலும் என்றால் ஆண்டுக்கு 20 நாள். தாமாகவே வேலையை விட்டவருக்கு இந்த இழப்பீடு இல்லை. ஆகவே, நிறுத்தப்பட்டேனா, விலகிக்கொண்டேனா என்பது வெறும் சொல் விளையாட்டு அன்று. கையெழுத்துப் போடும் தாளில் எந்தச் சொல் இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும்.

இன்னொன்று. நியாயமான காரணமின்றி நீக்கப்பட்டதாகக் கருதுகிறவர், 1967ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின்படி, நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாட்களுக்குள் தொழில் உறவு இலாகாவில் முறையிட வேண்டும். இனிய சொல்லின் பொருள் விளங்காமல் கடிதத்தைச் சாமி மேடையில் வைத்துவிட்டுக் காத்திருந்தால், அந்த 60 நாளும் ஓடிவிடும். கடிதம் வந்த அன்றே தொழிற்சங்கப் பிரதிநிதியிடமோ, ஆங்கிலம் நன்கறிந்த ஆசிரியரிடமோ காட்டி, "இதன் நேர்ப்பொருள் என்ன?" என்று கேட்பது நல்லது.

பெற்றோர்களே, உங்களுக்கு ஆங்கிலம் தெரியாது என்பதற்காகப் பிள்ளையின் படிப்பிலிருந்து ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. பாடத்தில் ஒரு வாக்கியத்தை மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். சொன்னது உங்கள் காதுக்கு விநோதமாகப் பட்டால், "இது நடக்குமா? யார் எப்போது இப்படிச் சொல்வார்கள்?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியே பிள்ளையைச் சிந்திக்க வைக்கும். பிறகு, "நம் தமிழில் இதை எப்படிச் சொல்வோம்?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு விடை உங்களிடமே இருக்கும். நம் பழமொழிகளும் வழக்குகளும் பாட்டி, தாத்தாக்களின் நாவில்தான் குடியிருக்கின்றன.

மாணவ மணிகளே, ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தை மூன்றாகப் பிரியுங்கள். முதல் பகுதியில் ஆங்கிலத் தொடர், இரண்டாம் பகுதியில் சொல்லுக்குச் சொல் பொருள், மூன்றாம் பகுதியில் அதற்கு இணையான தமிழ் வழக்கு. அகராதியில் ஒரு மரபுத்தொடரைத் தேடும்போது, அதிலுள்ள முக்கியமான பெயர்ச்சொல்லின் கீழ் பாருங்கள். காலை இழுக்கும் தொடரை 'லெக்' என்ற சொல்லின் கீழ் தேடினால் பெரும்பாலும் கிடைக்கும். வாரத்திற்கு ஐந்து தொடர் எழுதினாலும் ஆண்டு முடிவில் 260 தொடர்கள் சேர்ந்துவிடும். ஆனால் பொருளும் இடமும் தெளிவாகத் தெரியாத தொடரைக் கட்டுரையில் திணிக்காதீர்கள். துக்கக் கடிதத்தில் "கிக் த பக்கெட்" என்று எழுதிவிட்டால், பொருள் இறப்புதான் என்றாலும், "மண்டையைப் போட்டார்" என்று சாவு வீட்டில் சொன்னதற்குச் சமமாகும்.

ஆங்கிலம் ஒரு பெரிய வீடு. சொற்களின் நேர்ப்பொருள் அதன் முன்வாசல். அணிகளை அறிந்தவரே உள்ளறைக்குள் நுழைய முடியும். இப்போது நான் சொன்னதும் ஓர் உருவகமே என்பதை நேயர்கள் கண்டுகொண்டிருப்பீர்கள். அப்படிக் கண்டுகொண்டால் இன்றைய பேச்சின் பயன் நிறைவேறியது.